பன்னிரண்டு சாமான், ஒரு சாக்பீஸ்

ஆபிதா பயந்த சுபாவம். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. கையில் டிக்கெட் பத்திரமாக இருக்கும். ஆனாலும் பரிசோதகர் பெட்டியின் அந்தக் கோடியில் ஏறினால் போதும், இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஊரில் யார் மௌத்தோ, சாவுச் செய்தியோ என்று கடிதத்தைத் தொடமாட்டாள். பம்பாய் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் போலீஸ் வண்டி மெதுவாகப் போனால் ஏன் மெதுவாகப் போகிறது என்று கவலை, வேகமாகப் போனால் அதற்கும் ஒரு கவலை. புருஷன் அப்துல் வாஹித் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தான். பேச்சுக் குறைவான மனுஷன். அவனே, உனக்குப் பயப்பட ஆள் வேண்டாம், வெயில் கொஞ்சம் தூக்கலாக அடித்தாலே போதும் என்று கேலி செய்வான்.

ஆனால் எல்லாப் பயத்தையும் அப்படிச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆபிதாவுக்குப் பதினாலு வயதிருக்கும்போது வாப்பாவோடு தாதரில் ரயில் ஏறினாள். அறுபதுகளின் கடைசி அது. மதராஸிகளை விரட்டு என்று பம்பாயில் கலாட்டா நடந்து, தெற்கத்தி ஆட்கள் வெளியில் வாயைத் திறக்கவே யோசித்த காலம். ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் வாப்பாவிடம் தமிழில் என்னவோ கேட்டாள். எதிரே நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா அவள் தொடையில் நகம் பதியக் கிள்ளினார். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வாப்பா அவளைத் தண்டித்ததே கிடையாது, அந்த ஒரு கிள்ளுதான். அன்றிலிருந்து ரயிலில் ஆபிதா ஊமை.

இரண்டாவது பயம், குடியிருந்த அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே தகரம், மூலையில் கழுவுகிற இடம். கணேசபாண்டியன் என்பவர் ஊரோடு போகும்போது அவரிடமிருந்து வாங்கியது. அவர் போய்விட்டார், அவர் முகம் போகவில்லை. எழுபத்தாறில் சர்க்கார் குடிசைகளை எண்ணி, குடியிருப்பதற்கு அத்தாட்சியாகக் கொடுத்த போட்டோ பாஸில் அவரும் அவர் சம்சாரமும்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அட்டை ஆபிதாவின் டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் கிடந்தது. யாராவது அதிகாரி வந்து அட்டையை ஒரு கையிலும் ஆபிதாவின் முகவாயை இன்னொரு கையிலும் பிடித்து ஒத்துப் பார்த்தால் அத்தோடு சரி. அறை போனால் அந்த மூன்று பேருக்கும் பம்பாயில் தலை சாய்க்க வேறு இடமில்லை. மூன்றாவது ஆள் ஐந்து வயது மகள் ரஷீதா.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதவாக்கில் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது, மழை முடிந்ததும் குடிசைகளை எடுக்கலாம் என்று சந்து முழுக்கப் பேச்சு. எந்தக் குடிசை, எந்த இடம் என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. தெரியாததால் பயம் பங்கு பிரியாமல் எல்லோருக்கும் முழுசாகக் கிடைத்தது. ஆயுசில் முதல் தடவையாக ஆபிதா மழை நிற்கவே கூடாது என்று துஆ கேட்டாள்.

மழை நின்றது. அந்த மாதம்தான் அவளுக்கு வேலையும் வந்தது.

செம்பூரில் ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்கே திருவேங்கடம் என்று ஒரு கணக்கு விஞ்ஞானி. வீடு மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி. தாராவிக்குள் வீடு வீடாகப் போய் விவரம் எழுத, தமிழும் இந்தியும் மராத்தியும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து நூலகத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஆபிதா பதினொன்றாவது பாஸ். அப்துல் வாஹித்தான் சீட்டைப் பார்த்துவந்து சொன்னான். ரயிலில் மூச்சு விடாமல் உட்கார்ந்து செம்பூர் போனாள்.

அவர் செய்கிற ஆராய்ச்சியைக் கேட்டதும் ஆபிதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு பிள்ளை ஒரு சொல்லை யாரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது? தாயிடமிருந்தா, தகப்பனிடமிருந்தா, தெருவில் கூட விளையாடுகிற கூட்டாளியிடமிருந்தா, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமிருந்தா? நூறு பிள்ளைகளில் ஒவ்வொரு வழிக்கும் எத்தனை பேர் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிப் பெறுகிற பிள்ளைகள் என்ன சொல்லும் என்று கணக்குப் போடலாம். அதை வைத்து அதற்கடுத்த தலைமுறைக்குப் போடலாம். காய்ச்சல் பரவுவதற்கு டாக்டர்கள் போடுகிற கணக்கு மாதிரிதான் என்றார். ஒரு தாளில் தாய்க்கு ஒரு எழுத்து, தகப்பனுக்கு ஒரு எழுத்து, கூட்டாளிக்கும் வாத்தியாருக்கும் ஆளுக்கொன்று என்று எழுதி, பெருக்கிக் கூட்டி, கீழே ஒரு வளைகோடு இழுத்தார். கோடு தரையைத் தொடுகிற இடத்தைப் பென்சிலால் தட்டி, இன்ன வருஷத்துக்கு மேல் தாராவியில் 'சீப்பு' என்ற சொல்லைச் சொல்ல ஆளிருக்காது என்றார். ஆபிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல்லுக்கு மௌத் தேதி குறித்து வைத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று பட்டது அவளுக்கு.

ஒரு தகரப் பெட்டி கொடுத்தார். அதற்குள் பன்னிரண்டு சாமான்: சீப்பு, கரண்டி, கத்தரி, ஊசி, கண்ணாடி, பூட்டு, தீப்பெட்டி, கயிறு, மடக்குக் குடை, பெருக்குகிற சின்ன வாரியல், ஒரு பொட்டலம் உப்பு, ஒரு பெரிய வெங்காயம். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். தமிழில் என்ன என்று கேட்கக் கூடாது. தாயைத் தனியாக, தகப்பனைத் தனியாக, பிள்ளையை வாசலில் வைத்துத் தனியாக. வீட்டுக்கு ஒரு தாள். பிள்ளைகள் சொன்ன சொல்லுக்கு எதிரே மட்டும் நாலு வட்டம்: தாய், தகப்பன், கூட்டாளி, வாத்தியார். யாரிடமிருந்து வந்தது என்று விசாரித்து ஒரு வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இந்த வட்டம்தான் தனக்கு உசிர் என்று சொல்லி அனுப்பினார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஆறு மாசம் கழித்து இதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். தாராவியில் கதவிலக்கம் ஒழுங்காகக் கிடையாது. அதனால் முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஒரு எண் போட்டுவிட்டு, அதே எண்ணைத் தாளிலும் எழுதிவிட வேண்டும்.

மாட்டுங்காக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? அவர் வீட்டுக் கதவில் பித்தளையில் ஒன்பது என்று பளபளவென்று போட்டிருக்கும். எண் என்றால் அவருக்கு விலாசம். தாராவியில் கதவில் வெளியாள் எண் போட்டால் அது வேறு சமாசாரம் என்று ஆபிதாவுக்குத் தெரியும். சாக்பீஸைக் கையில் வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர் ஒன்றும் கடித்துத் தின்றிருக்க மாட்டார். ஆனால் வேலை கிடைத்த முதல் நாளே மறுத்துப் பேசினால் என்ன ஆகுமோ என்று அதற்கும் பயந்து, சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

முதல் நாற்பத்தாறு வீடும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தெரியாத சனம். நன்றாகத்தான் போயிற்று. தாய் வெங்காயத்தைப் பல்லாரி என்பாள், தகப்பன் காந்தா என்பான், பிள்ளை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும். ஒரு கிழவர் குடையைக் குடை என்றும் மகன் முன்னால் சத்ரி என்றும் சொன்னார். உப்பை மட்டும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உப்பு என்றே சொன்னார்கள். வெங்காயம் முளைவிட்டால் ஆபிதா அதைக் குழம்பில் போட்டுவிட்டு வேறொன்றைப் பெட்டியில் வைப்பாள். ஆராய்ச்சி ருசியாகத்தான் இருக்கிறது என்றான் அப்துல் வாஹித். அந்தப் பத்து நாளும் ஆபிதா பயப்பட மறந்திருந்தாள் என்றே சொல்லலாம்.

நாற்பத்தேழாவது வீடு அவள் சந்திலேயே முனை வீடு, பூதத்தான் வீடு. தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர், அறுபதை நெருங்கியவர். அவர் வீட்டில் இல்லை. சம்சாரத்திடம் கேட்டு எழுதிக்கொண்டு, கதவில் நாற்பத்தேழு என்று போட்டுவிட்டு ஆபிதா அடுத்த வீட்டுக்குப் போனாள். பூதத்தானுக்கு ஆண்டாப் ஹில்லில் முன்பு ஒரு குடிசை இருந்தது. ஒரு நாள் கதவில் சாக்பீஸால் எண் போட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் லாரி வந்தது. பானை சட்டியைக்கூட எடுக்க விடவில்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மனுஷன் கதவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு துண்டை நனைத்து எண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்ததும், சர்க்கார் எழுதியதை அழித்தது குற்றமாகிவிடுமோ என்று அதற்கொரு பயம் வந்துவிட்டது. வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு அதே இடத்தில் அதே எண்ணைத் திரும்ப எழுதினார். ஏழு மட்டும் கோணிக்கொண்டது. ஆபிதா தன் வாசலில் நின்று இதை முழுக்கப் பார்த்தாள். ஓடிப்போய், அண்ணாச்சி, அது நான் எழுதியது என்று சொல்ல வேண்டும்தானே? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் மர்யம் லாத்தா வீட்டில் சந்தே கூடியது. லாத்தா விடிகாலையில் அண்டா அண்டாவாக இட்லி அவித்து விற்கிற ஆள். மத்தியானம் அவள் வீட்டு முன்னால் இடம் காலியாக இருக்கும், வாயும் காலியாக இருக்கும். ஆபிதாவைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டார்கள். செம்பூரில் ஒரு சார், சொல் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுகிறார் என்றாள். சீப்புக்குப் பேர் என்ன என்று கேட்பதற்கு ஒருத்தன் ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பானா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆபிதாவுக்கே திடீரென்று அது நம்ப முடியாததாகப் பட்டது. உண்மையிலேயே எதற்குக் கேட்கிறார்? இந்தத் தாள்கள் செம்பூரைவிட்டு எங்கே போகின்றன?

பூதத்தான்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார். வெளியூர்க்காரன் யார், இந்த ஊர்க்காரன் யார் என்று பிரிக்கத்தான் இந்தக் கேள்வி. இட்லி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டிருந்த மர்யம் லாத்தா முடிவு சொன்னாள்.

"ஏளா ஆபிதா, நீ எழுதுறத எழுது, ஒன் பொழப்ப நாங்க கெடுக்கல. நாங்க சொல்லுறத நாங்க சொல்லிக்கிடுதோம். ஆனா ஒண்ணு, எங்க வீட்டுத் தாள்ல ஒரு தமிழ்ச் சொல்லு இருந்து நாளைக்கு லாரி வந்துச்சுன்னா, மொத ஆளா கணேசபாண்டியன் போட்டோவத்தான் காட்டிக்குடுப்பேன்."

லாத்தா கெட்டவள் இல்லை. ரஷீதா பிறந்தபோது நாற்பது நாளும் சோறு பொங்கிக் கொண்டுவந்தவள் அவள்தான். பயத்தில் சொன்னாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அதன்பிறகு ஒன்பது நாள் அந்தச் சந்தில் நடந்ததை வேறெங்கும் பார்க்க முடியாது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சாமான்களைத் தூக்கிக் காட்டி, சீப்பிலிருந்து உப்புவரை இந்திப் பேரைப் பழக்கினார்கள். கங்கி. சம்ச்சா. கைஞ்சி. தாலா. மாச்சிஸ். நமக். பெரியவர்களும் கூடச் சேர்ந்து சொல்லிப் பழகினார்கள். மாற்றிச் சொன்ன பிள்ளையிடம், லாரி வரும், வீட்டை நசுக்கும், உன்னையும் சேர்த்து அள்ளும் என்று சொன்னார்கள். லாரிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன.

எல்லா வீட்டையும்விடக் கடுமையாக அது நடந்தது ஆபிதாவின் வீட்டில்தான். மற்ற வீட்டுக்காரர்களிடம் அவரவர் முகம் போட்ட அட்டையாவது இருந்தது. ரஷீதா விவரமான பிள்ளை, மூன்றே நாளில் பதினொன்றைச் சரியாகச் சொல்லிவிட்டாள். வெங்காயம் மட்டும் வரவில்லை. உம்மா நறுக்குவதைப் பார்த்தே வளர்ந்தவள்; அதைக் கண்டதும் பல்லாரி என்று சிரிப்பாள். ஆறாம் நாளும் சிரித்துக்கொண்டே பல்லாரி என்றாள். ஆபிதா கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டாள். பிள்ளையை அவள் அதற்கு முன் அடித்ததே கிடையாது. ரஷீதா அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், காந்தா என்றாள்.

நாற்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை ஆபிதா எழுதி முடித்தாள். நாற்பத்தேழையும் லாத்தா கூடவே நின்று மாற்றி எழுதவைத்தாள். எழுபத்தொன்று ஆபிதாவின் வீடு. நாற்பத்தாறு தாளிலும் ஒரே பன்னிரண்டு சொல், ஒரே வரிசை. கட்டாகக் கட்டிச் செம்பூரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தலைமேல் கத்தி தொங்குகிற கணக்காக இருந்தாள்.

இரண்டு வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை நிறையக் கட்டம் போட்ட தாள். ஒன்றில் புள்ளிகள் இறைந்து கிடந்தன. அது முதல் நாற்பத்தாறு வீடு. இன்னொன்றில் எல்லாப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில். அது அவள் சந்து. திருவேங்கடம் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. சொற்கள் மாறும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறும், சில அடம்பிடிக்கும், உப்பு கடைசிவரை நிற்கும். இங்கே பன்னிரண்டும் ஒரே நாளில் செத்திருக்கின்றன, அறுபது வயதுக்காரரும் நாலு வயதுக் குழந்தையும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனுஷா இப்படி ஒத்துப்போக மாட்டா, ஆபிதா. நெஜத்தைச் சொல்லுங்கோ. ஆத்துல ஒக்காந்துண்டு நீங்களே எழுதிட்டேளா?"

ஆமாம் என்றால் வேலை போகும், திருடி என்ற பேர் வரும். சந்துக்கு ஒன்றும் ஆகாது, அறைக்கும் ஒன்றும் ஆகாது. இல்லை என்றால் சந்தே பொய் சொன்னது என்று ஒரு படித்த மனுஷன் காதில் போட்டதாகும். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆமா சார், நானேதான் எழுதினேன் என்றாள்.

அவர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம் என்றார். அவள் சந்தின் நாற்பத்தாறு வீட்டையும் திரும்ப எடுக்க நாளைக்கே தன் உதவியாளர் கிட்டுவை அனுப்புவதாகவும் சொன்னார். கதவில்தான் எண் இருக்கிறதே, சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவான், அழிந்த இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன் என்றார்.

பேண்ட் சட்டை போட்ட ஒரு வெளியாள், கையில் சாக்பீஸோடு, பூதத்தான் கதவு முன்னால். ஆபிதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பயமே அவளைப் பேசவைத்தது, தைரியம் என்று அதற்குப் பேர் வைக்க வேண்டாம்.

"அந்த எண்ணுதான் சார் எல்லாத்துக்கும் காரணம்."

ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். ஆண்டாப் ஹில் லாரி, பூதத்தான் எண்ணைத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பால் திரும்ப எழுதியது, கோணிப்போன ஏழு, லாத்தா வீட்டுக் கூட்டம், ஒன்பது நாள் பாடம். கணேசபாண்டியனின் அட்டையைக்கூடச் சொல்லிவிட்டாள். ரஷீதாவை அறைந்ததை மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வரவில்லை. திருவேங்கடம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் எண் கதவுக்காரர், பாவம், அவர் முகம் செத்துப்போயிற்று.

ஆபிதா மேஜைமேல் கிடந்த சமன்பாட்டைப் பார்த்தாள். முதல் நாள் அவர் விளக்கிய அதே எழுத்துகள்.

"இதுல உம்மாவுக்கு ஒரு எழுத்து இருக்கு, வாப்பாவுக்கு இருக்கு, கூட்டாளிக்கு இருக்கு. பயத்துக்கு எந்த எழுத்து சார்?"

அவர் தாளைப் பார்த்தார். இல்லையே என்றார். அப்புறம், பயத்தை எப்படி அளப்பது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த நாற்பத்தாறு தாளையும் எடுத்து அவள் கையிலேயே கொடுத்து அடுப்பில் போடச் சொன்னார். போய் முதல் வேலையாகக் கதவு எண்ணையெல்லாம் அவளே துடைத்துவிட வேண்டும். வேலை அவளுக்கு உண்டு. ஆறு மாதம் கழித்து, எண் இல்லாமல், விலாசம் இல்லாமல், ஒருமுறை போய்க் கேட்டால் போதும். பயம் போனால் சொல் தானாகத் திரும்பிவிடும், பயத்தில் சொன்ன பொய் அடுத்த தலைமுறைக்கு இறங்காது, தன் கணக்குப்படி அப்படித்தான் என்றார். ஆபிதா அதை நம்பினாள். நம்பத்தான் அவளுக்கும் ஆசை.

அன்றைக்கே வாளித் தண்ணீரோடு கதவு கதவாகத் துடைத்தாள். அது தான் எழுதியது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள், திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். பூதத்தான் மட்டும் திட்டவில்லை, எம்மா, உள்ளதுதானா, லாரி வராதுதானா என்று மூன்று தடவை கேட்டார். தாள்கள் லாத்தாவின் இட்லி அடுப்பில் எரிந்தன.

டிசம்பர் போயிற்று, பொங்கல் போயிற்று, ஏப்ரலும் வந்துவிட்டது. அந்தச் சந்துக்கு எந்த லாரியும் வரவில்லை. அறை நின்றது, தகரம் நின்றது, கணேசபாண்டியன் சேலைக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கினார். ஆபிதா பயந்தது நடக்கவில்லை.

மே மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி சந்துக்குள் இறங்கினாள். இந்த முறை வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பூதத்தான் குடையைக் குடை என்றார். லாத்தா வெங்காயத்தைப் பார்த்து, பல்லாரிதான், வேற என்ன, அன்னைக்கு என்னென்ன கூத்தடிச்சோம் என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சார் சொன்ன மாதிரியே திரும்பிவிட்டதே என்று ஆபிதாவுக்கும் மனசு லேசாயிற்று. அப்புறம் லாத்தாவின் பேத்தியை வாசலுக்குக் கூப்பிட்டுச் சீப்பைக் காட்டினாள். கங்கி என்றது. அடுத்த வீட்டிலும் கங்கி. அதற்கடுத்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூன்றும் உப்பைப் பார்த்து நமக் என்றன. அம்மாக்கள் பக்கத்தில் நின்று உப்புன்னு சொல்லேன்டி என்று கெஞ்சினார்கள். பிள்ளைகள் தெருமுனையைப் பார்த்தன. ஏழு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையிடமும் பழைய சொல் வரவில்லை.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். ஆறு மாதமாக ஒரே அறையில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமலா இருந்தாள்? ரஷீதா பேச்சைக் குறைத்துக்கொண்டது தெரியும், அப்பன் மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். சாமான்களை வேண்டும்போது விரலால் காட்டுவதும் தெரியும், செல்லம் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது பெட்டியைத் திறந்து வெங்காயத்தை எடுத்துக் காட்டினாள்.

ரஷீதா முதலில் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு, காந்தா என்றாள்.

"உம்மாகிட்ட மட்டும் சொல்லு கண்ணு. நாம என்ன சொல்லுவோம்?"

பிள்ளையின் கை மெதுவாக எழுந்து கன்னத்தை மூடிக்கொண்டது. காந்தா, காந்தா, காந்தா என்று அடுக்கினாள், இவ்வளவு சரியாகச் சொல்கிறேனே இன்னும் ஏன் கேட்கிறாய் என்பது மாதிரி.

ஆபிதாவின் தொடையில், பதினெட்டு வருஷத்துக்கு முன் வாப்பா கிள்ளிய இடத்தில், சுரீரென்றது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை முழங்கால்மேல் வைத்தாள். எண் இல்லை, விலாசம் இல்லை. சொல்லுக்கு எதிரே நாலு வட்டம். யாரிடமிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பென்சிலை எடுத்து, தாய் என்று போட்டிருந்த வட்டத்தை விளிம்பு தாண்டாமல் நிரப்பினாள்.